காட்டியவர் யார்?

விருந்தினர் ஒருவருக்கு நம் ஊரைச் சுற்றிக் காட்டுவதில் ஒருவகைப் பெருமிதம் உண்டு. மலையையும் அருவியையும் காட்டும்போது அவற்றை நாமே ஆக்கி வைத்தவர்போல நடந்துகொள்கிறோம். "எப்படி இருக்கிறது?" என்று வினவிவிட்டு, வரும் பாராட்டு நமக்கே உரியதென்பதுபோலத் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறோம். சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் நம்மிடம் வந்த நண்பர் ஒருவருக்கு மலைநாட்டைக் காட்டப் புறப்பட்டபோது, நாமும் அத்தகைய பெருமிதத்தோடுதான் புறப்பட்டோம். மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது அது நம்மிடம் இருக்கவில்லை. அது எவ்விடத்தில், எவ்வாறு கழன்று வீழ்ந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

நண்பர் நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருப்பவர். நம்மைவிட இருபது வயது இளையவர். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் அறிமுகமாகி, அன்றே நம்மை "அண்ணே" என்று அழைக்கத் தொடங்கி, கடிதத்தாலும் தொலைபேசியாலும் நட்பை வளர்த்தவர். "ஹோட்டல் வேண்டாம் அண்ணே. நடக்கவேண்டும், கூடாரம் அடித்துத் தூங்கவேண்டும், மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிடவேண்டும்" என்று எழுதியிருந்தார். தம் தாயார் மஸ்கெலியாவிற் பிறந்தவர் என்பதையும் முன்னொரு முறை சொல்லியிருந்தார். நாம் அதனை ஒரு தகவலாக வாங்கி வைத்துக்கொண்டோமேயன்றி, அதற்குமேல் எண்ணிப் பார்க்கவில்லை.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாம் மலைநாட்டிற் பிறந்தவரல்லர். வடக்கிலே பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு ஹற்றனுக்கு வந்து, முப்பது ஆண்டு ஆசிரியத் தொழில் பார்த்து, ஓய்வு பெற்றபின்னும் குளிரை விட்டுப் போக மனமின்றி அங்கேயே தங்கிவிட்டவர். தோட்டத்துப் பிள்ளைகள் பல நூறு பேருக்குப் படிப்பித்திருக்கின்றோம். ஆகவே இந்த மலையை நாம் அறிவோம் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை.

முதல் நாட் காலை கொட்டகலை ரெயில் நிலையத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். பீக்கோ வழித்தடம் என்று இப்பொழுது ஒன்று உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா வரை, மலைநாட்டை வளைத்துக்கொண்டு, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கும் மேலாகச் செல்லும் நடைபாதை அது. 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதில் கொட்டகலையிலிருந்து நோர்வூட் வரையான பகுதியையே நாம் தெரிந்தெடுத்தோம். புதிய பாதை என்று விளம்பரங்கள் சொன்னாலும், பாதை புதிதன்று. ஆங்கிலத் தோட்டத்துரைமார் காலத்திலே தொழிற்சாலைக்கும் ரெயில் நிலையத்துக்கும் தேயிலையை ஏற்றிச் செல்ல வெட்டிய வண்டிப்பாதைகளும், பெரட்டுக்கும் கொழுந்து நிறுக்கவும் தொழிலாளர் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகளுமே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, அடையாளக் கம்பங்கள் நாட்டப்பட்டு, வழித்தடம் என்று பெயர் பெற்றிருக்கின்றன.

நாம் வழிநெடுகப் பாடம் நடத்திக்கொண்டு போனோம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதையும் சொன்னோம். மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள் காடுகளினூடாகக் கால்நடையாகவே மாத்தளை வரை வந்ததையும், வழியிலே பசியாலும் நோயாலும் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை என்பதையும் சொன்னோம். நண்பர் மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். தேயிலைச் செடியின் கவ்வாத்தைக் குனிந்து பார்த்து, "வெட்டு எங்க ஊரைவிட உயரமா இருக்கு" என்று ஒரு தரம் சொன்னார். நாம் முப்பது ஆண்டில் கவனியாத ஒன்று அது. டர்ப்பன்டைன் மரங்களின் அடியில் நின்று ஓர் இலையைக் கசக்கி மோந்து, "இதுக்கு எங்க ஊர்ல கற்பூர மரம்னு பேரு. ஆஸ்திரேலியாக்காரன் ரெண்டு மலையிலேயும் குடியேறியிருக்கான்" என்று சிரித்தார்.

ஓடையொன்றைக் கடக்குமிடத்தில் அட்டைகள் ஏறிவிட்டன. வறட்சிக் காலமாயினும் நிழலும் ஈரமும் உள்ள இடத்தை அவை விடுவதில்லை. நாம் கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்திருந்தோம். எனினும் இரண்டு ஏறின. "பயப்படாதையுங்கோ தம்பி, இழுக்கக் கூடாது, தேசிக்காய்ப் புளி பட்டால் தானே விழுந்துவிடும்" என்றோம். அவரோ பையிலிருந்து உப்புத் துணியை எடுத்துத் தட்டிவிட்டு, "அம்மா கட்டிக் குடுத்தாங்க அண்ணே. மஸ்கெலியா அட்டையைப் பத்தி அவங்க சொல்லாத நாளில்லை" என்றார்.

நடுப்பகலுக்குச் சற்று முன்பு ஒரு வளைவிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எம்மைக் கண்டனர். நம் முதுகிலே கூடாரம், போர்வை, அடுப்பு, அரிசி என்று பதினான்கு கிலோகிராம் சுமை. அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர் நிமிர்ந்து கேட்டார்:

"எங்க சேர் போறீங்க, இவ்வளவு சொமையோட?"

"சும்மா நடக்கிறம் அம்மா, மலை பாக்க" என்றோம்.

"சும்மாவா?" என்று அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா சொமந்துகிட்டு நடக்குறாங்களாம்டி. நாளைக்கு எவ்வளவு பேருபோடுறாங்க சேர் ஒங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தனர். அச்சிரிப்பிலே பகை இல்லை. ஆயினும் நமக்கு முகம் சுண்டிவிட்டது. நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோகிராம் கொழுந்து பறித்தாலன்றி முழுநாட் பேர் கிடையாதென்ற நிலையிலே, அந்தச் சரிவில் ஏறியிறங்கும் பெண்களுக்கு நாம் விளையாட்டாகச் சுமந்த பதினான்கு கிலோகிராம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். 2021ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்படுவதற்கு அவர்கள் எத்தனை ஆண்டு தெருவில் நின்றார்கள் என்பதை நாம் அறிவோம். அறிந்திருந்தும் நம்மிடம் பதில் இருக்கவில்லை.

நண்பர் முன்வந்தார். "நாங்களும் தோட்டத்து ஆளுங்கதான் அக்கா. கோத்தகிரி. அம்மா மஸ்கெலியாவுல பொறந்தவங்க. எழுவத்துநாலுல போனாங்க."

அப்பெண்ணின் கைகள் செடியின் மேலேயே நின்றுவிட்டன. "எழுவத்துநாலா? எங்க சின்னம்மாவும் அந்த வருசந்தான் போச்சு. கூடலூர்ப் பக்கம்னு கடுதாசி வந்துச்சு. ரெண்டு மூணு வந்துச்சு. அப்புறம் வரலை" என்றார். பிறகு சின்னம்மாவின் பெயரையும், அவருடைய கணவரின் பெயரையும், அவர்கள் எந்த மேட்டு லயத்தில் இருந்தார்கள் என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நண்பர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தது. பெண்கள் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு மேலேறினர். அவர் மட்டும் ஒருமுறை திரும்பி, "மறந்துராத தம்பி" என்றார்.

ஒரு பாதையிலே ஒரு நாள் நடப்பதற்குள் நண்பர் அங்கு உறவினராகிவிட்டார். முப்பது ஆண்டு அங்கு வாழ்ந்த நாம் இன்னும் "சேர்" ஆகவே இருந்தோம். அன்று நோர்வூட் வரையும் நாம் பாடம் நடத்தவில்லை.

நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் மஸ்கெலியாவுக்குச் சென்று, நம்மிடம் படித்து இப்பொழுது ஆசிரியராயிருக்கும் ஒருவரின் வீட்டில் அன்றிரவு தங்கினோம். அவர் உரிய இடங்களிற் சொல்லி, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையோரத்திலே தோட்டத்துப் புல்வெளி ஒன்றில் கூடாரம் அடிக்க அநுமதி பெற்றுத் தந்தார். வழிகாட்டவென்று பக்கத்து லயத்துச் சிறுவன் ஒருவனையும் அனுப்பினார். எட்டாம் வகுப்புப் படிப்பவன்; பதின்மூன்று வயது.

மறுநாள் நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி நடந்து, பிற்பகலிலே கூடாரத்தை அடித்துவிட்டு மீன்பிடிக்க அமர்ந்தோம். நம்மிடம் கொழும்பிலே வாங்கிய தூண்டிற்கோல் இருந்தது. சுழலும் நூற்கட்டையும் பளபளக்கும் செயற்கை இரையும் அதனோடு சேர்ந்தவை. சிறுவனிடம் இருந்ததோ ஒரு மூங்கிற் கழி, கொஞ்சம் நைலோன் நூல், பழைய இறப்பர்ச் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு. அத்துண்டுதான் மிதப்பு. கோதுமை மாவைப் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி இரையாக வைத்திருந்தான். ஒரு மணி நேரத்தில் அவன் ஐந்து மீன் பிடித்தான். நாம் ஒன்றும் பிடிக்கவில்லை.

கடைசியில் அவன் பொறுக்கமாட்டாமல், "சேர், ஒங்க நெழல் தண்ணியில விழுது" என்றான்.

பார்த்தோம், உண்மைதான். வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்தது. நீண்ட நிழல் நீரின்மேல் கிடந்து, நாம் கையசைக்குந்தோறும் அசைந்தது. மீன்கள் கரையோரத்து ஆழங்குறைந்த நீரிலேதான் குழி பறித்துக் கூடு கட்டும் என்றும், அங்கே நிழல் பட்டால் ஒன்றும் நில்லாதென்றும், தூர எறிவதனாற் பயனில்லை என்றும் அவன் விளக்கினான். அவன் சொன்ன இடத்தில், சொன்னபடி குந்தியிருந்து, அவனுடைய மா உருண்டையையே கோத்துப் போட்டோம். அரைமணி நேரத்தில் நண்பருக்கு இரண்டும் நமக்கு ஒன்றும் கிடைத்தன. முப்பது ஆண்டு ஆசிரியராயிருந்தவர் ஒரு மாணவனிடமிருந்து முறையாகப் பாடங் கேட்ட அரைமணி நேரம் அது.

பிடித்தவை எல்லாம் திலாப்பியா. இம்மீன் இந்நாட்டுக்குரியதன்று, ஆபிரிக்காவிலிருந்து 1952இல் இங்கு கொண்டுவந்து விடப்பட்டது. இன்று குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் ஏழைமக்களின் கறிச்சட்டிக்கு உரியது அதுவே. இதனை நாம் சொன்னபோது நண்பர் மீனைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தார்.

"ஐம்பத்திரண்டுல வந்ததா? இதுகிட்ட யாரும் குடியுரிமைப் பத்திரம் கேக்கலையா அண்ணே?"

நாம் சிரித்தோம், ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மலைகளிலே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கான உழைப்பாளரை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கியது. நான்கு ஆண்டின் பின் வந்த மீன் எவரையும் கேளாமல் இந்நாட்டு மீனாகிவிட்டது.

மீனை அங்கேயே செதிலெடுத்துக் கழுவி, மிளகாய்த் தூளும் உப்பும் கொறுக்காய்ப்புளியும் இட்டுக் காய்ச்சினோம். சிறுவனின் தாய் தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். இரவு குளிர் இறங்கிற்று. தாயின் அநுமதியோடு சிறுவனும் எம்மோடு கூடாரத்திலே தங்கினான். உள்ளே படுத்துப் பார்த்துவிட்டு, "எங்க காம்பராவும் கிட்டத்தட்ட இம்புட்டுத்தான் சேர். ஆனா இங்க பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்கலை" என்றான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைக்காரர் காலத்திலே கட்டிய லயத்துக் காம்பராவில், அவனுடைய குடும்பம் நான்காவது தலைமுறையாகக் குடியிருக்கிறது. நாம் ஓரிரவு இன்பத்துக்காகத் தேடி வந்த நெருக்கத்தை அவன் பிறந்த நாள் முதல் அறிவான்.

கூடாரத்தின் வெளியே அமர்ந்து எதிரே நோக்கினோம். சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் அது. நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை படிவழியெங்கும் ஏற்றிய விளக்குகள், இருளிலே மேல்நோக்கி வளைந்து செல்லும் ஒரே கோடாகத் தெரிந்தன. புத்தரின் பாதம் என்றும், சிவனின் பாதம் என்றும், ஆதாமின் பாதம் என்றும் வெவ்வேறு பெயர் சொல்லிக்கொண்டு ஒரே படியில் ஏறுவோரின் வழி அது. அக்காட்சியை நண்பருக்குக் காட்டவேண்டும் என்பதே நமது திட்டத்தின் சிகரம். மறுநாள் விடியுமுன் நல்லதண்ணிக்குப் போய் மலையேறுவதாகவும் ஒழுங்கு செய்திருந்தோம். அதைச் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மலை நாளைக்கும் இருக்கும். எனக்கு அம்மா ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்காங்க."

பிறகு அவர் சொன்ன கதை இதுதான்.

தாயார் 1960இல் பிறந்தவர். தந்தை தோட்டத்திலே வேலை செய்தவர். ஞாயிறுதோறும் மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு மஸ்கெலியா நகரத்துக்கு வருவார். கோயில், கடைத்தெரு, ஆறு. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை அணை எழுந்து, 1969இல் நீர் ஏறியது. பழைய நகரம் அதனடியிற் போயிற்று. கடைகள் மேட்டிலே புதிதாகக் கட்டப்பட்ட நகரத்துக்கு மாறின. அப்பொழுது அவருக்கு ஒன்பது வயது. தினமும் கொழுந்து மலையின் மேல்நின்று, நீர் ஒவ்வொரு சுவராக ஏறுவதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்களாம்.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அதற்குள்ளாகவே அக்குடும்பத்தின் கதவைத் தட்டிவிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் இரு அரசாங்கங்களும் ஆட்களைப் பங்கிட்டுக்கொண்டன. மீதி 1,50,000 பேரை என்ன செய்வதென்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தன. பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தியது. மரவள்ளிக் கிழங்கும் அகப்படாத நாளில், பதினான்கு வயதுச் சிறுமியாக அத்தாயார் தலைமன்னாரிலே கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரியைச் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்து வந்தது. மீண்டும் தேயிலை, மீண்டும் குளிர், மீண்டும் லயம். அங்குள்ளோர் அவர்களுக்கு "சிலோன்காரர்" என்று பெயரிட்டனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்.

"நாற்பது வருசம் கொழுந்து பறிச்சாங்க. ரிட்டயர் ஆனதும் குடியிருந்த வீட்டைத் திருப்பிக் குடுக்கணும்னாங்க. இப்ப வாடகை வீட்டுல என்கூட இருக்காங்க" என்றார் நண்பர். "மழை குறைஞ்சா பழைய கோயில் வெளிய தெரியுமாமே, தெரிஞ்சா எனக்குக் காட்டுறான்னாங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

எதிரே தெரிந்த விளக்கு வரிசையை நாம் மறந்துபோனோம். அவ்விளக்குகளையும் கொழும்பு மாநகரத்து விளக்குகளையும் ஏற்றுகின்ற மின்சாரத்தில் இந்நீருக்கும் பங்குண்டு. அந்நீரின் அடியிலே ஒரு நகரம் கிடந்தது. அதைப் பார்க்க வந்தவரை நாம் விளக்குப் பார்க்க அழைத்திருந்தோம்! மூன்று நாளுக்கு முன்பே "இங்கே என்ன பார்க்க விரும்புகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விருந்தினர் எதைப் பார்க்கவேண்டும் என்பது நமக்குத் தெரியும் என்ற எண்ணமே நம்மைக் கேட்கவிடவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் மலைக்கன்றி, நீர்த்தேக்கத்தின் வற்றிய படுகைக்கு நடந்தோம். அவ்வாண்டு நீர் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே காய்ந்தும் உள்ளே சேறாயும் உள்ள இடங்களைச் சிறுவன் அறிவான். அவன் கால் வைத்த இடத்திலேயே நாமும் வைத்தோம். பழைய கோயிலின் கட்டடம் சேறு பூசிய உடலோடு நின்றது. சற்றுத் தூரத்திலே பள்ளிவாசலின் எச்சமும், பௌத்த வழிபாட்டிடத்தின் எச்சமும். கற்களிலே பாசி காய்ந்து வெண்மையாயிருந்தது. கொக்குகள் நடந்தன. வேறு அரவம் இல்லை.

நண்பர் கைத்தொலைபேசியை எடுத்துப் படத்தோடு பேசும்படி தாயாரை அழைத்தார். முகத்துக்கு மிக அருகே பிடித்திருந்தமையால் முதலில் ஒரு கண்ணும் மூக்குத்தியுமே தெரிந்தன. நண்பர் கோயிலைக் காட்டினார். அப்பக்கத்தில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு குரல் வந்தது; அழுகுரலன்று, வேலை வாங்கும் குரல்.

"அங்கயே நிக்காத. கோயிலுக்கு முதுகைக் காட்டி நில்லு. ஆங்... இப்ப நேரா நட. அதுதான் கடைத்தெரு. இடது பக்கம் மேடு தெரியுதா? அங்கதான் எங்கப்பா எனக்கு சீத்தைத் துணி எடுத்தாரு. பள்ளிவாசல் இருக்கா? பன்சலை இருக்கா? எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கும் பாரு. ஆறு அதுக்கு அங்கிட்டு. துண்டை விரிச்சுப் பிடிச்சா குஞ்சு மீனா விழும்."

அவர் சொல்லச் சொல்ல நாங்கள் மூவரும் நடந்தோம். வெறுஞ் சேற்றுத் தரையாகக் கிடந்த இடம் தெருவாயிற்று, மேடு கடையாயிற்று, பள்ளம் ஆறாயிற்று. முப்பது ஆண்டு அருகே வாழ்ந்த நமக்கும், அக்கரையிலே நாள்தோறும் மீன்பிடிக்கும் சிறுவனுக்கும், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டி ஊரைச் சுற்றிக் காட்டினார். விருந்தினர் யார், விருந்தளிப்பவர் யார் என்று அப்பொழுது எவரேனும் கேட்டிருந்தால் நாம் விடை சொல்லியிருக்கமாட்டோம்.

கடைசியில் அவர், "அந்தப் பையன் யாரு?" என்றார். நண்பர் தொலைபேசியைச் சிறுவனிடம் கொடுத்தார். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யார் மகன் என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவர் கேட்டார்:

"ஒங்க வீட்டை ஒங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாடா?"

"இல்ல பாட்டி. லயந்தான். கேட்டிருக்கோம்."

"இன்னுமா?" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "சரிடா, நல்லாப் படி" என்றார்.

அந்த "இன்னுமா" என்ற ஒரு சொல்லை நாம் சுமந்துகொண்டு வந்தோம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. குடியுரிமை மீதமிருந்தோருக்கும் 2003இன் சட்டத்தால் கிடைத்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு பெற்ற குடும்பங்களும் உண்டு. அதனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் இம்மலையைக் காடழித்துத் தோட்டமாக்கியவரின் கொள்ளுப்பேரன், தான் படுத்துறங்கும் பத்தடி நிலத்துக்கு இன்னும் உரிமை கேட்டுக் காத்திருக்கிறான். ஒப்பந்தத்தின் இரு கரையிலும் கேள்வி ஒன்றே: உழைத்த மண்ணிலே நிற்பதற்கு ஓர் அடி இடம் யாருடையது?

மலையேறுவதும் கூடாரத்தில் உறங்குவதும் மீன்பிடிப்பதும் வீண் என்று நாம் சொல்லவரவில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதே தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற கோரிக்கைகளுள் முதன்மையானது. திறந்த வெளியின் இன்பம் சிலருக்கே உரியதாயிருப்பதுதான் குறை. நம் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றோம். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் அநுராதபுரத்துக்கும் செல்கின்றோம். தோட்டத்துப் பிள்ளை தன் மலையின் அடுத்த பக்கத்தை அறியாமலே வளர்கிறது. ஆசிரிய நண்பர்கள் ஒரு சனிக்கிழமையேனும் அவர்களை அவ்வழித்தடத்தில் நடத்திச் செல்லட்டும். முன்னே வழிகாட்டிச் செல்பவர்கள் பிள்ளைகளாகவே இருக்கட்டும். வளைவுக்கு வளைவு நிறுத்தி, இந்தப் பாதையை வெட்டியவர் யார், இந்த மேட்டுக்குப் பாட்டி வைத்த பெயர் என்ன என்று கேட்டு எழுதச் செய்யட்டும். அடையாளக் கம்பத்தில் இல்லாத பெயர்கள் அவர்களுடைய கொப்பிகளில் ஏறட்டும். வெளிநாட்டார் நடந்து மகிழும் பாதையிலே வழிகாட்டும் வேலையும் அதன் ஊதியமும் அப்பிள்ளைகளுக்கே முதலிற் சேரவேண்டும். அவ்வேலைக்குரிய அறிவு அவர்களிடம் இருக்கிறது. நிழல் எங்கே விழுகிறதென்பதையும் அவர்கள் அறிவர்.

நண்பர் திரும்பிச் சென்று நான்கு மாதங்களின் பின் ஒரு கடிதம் வந்தது. தாயார் நலமென்றும், கோயிற்படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார். விடுமுறையிலே கூடலூர்ப் பக்கம் சென்று, குறிப்புப் புத்தகத்திலிருந்த பெயரை லயம் லயமாக விசாரித்திருக்கிறார். நான்காம் நாள் அந்தச் சின்னம்மாவைக் கண்டார். எண்பதைக் கடந்தவர், காது சற்று மந்தம், கொட்டகலை என்ற சொல் மட்டும் முதற் தடவையிலேயே கேட்டது. கடிதத்தோடு அவருடைய படம் ஒன்றும், ஒரு தொலைபேசி இலக்கமும் இருந்தன.

நாளை காலை நாம் கொட்டகலை நிலையத்தில் இறங்கி அப்பாதையில் மீண்டும் நடக்கவிருக்கிறோம். முதுகிலே சுமை இராது. சட்டைப் பையிலே அந்தப் படம் இருக்கும். அந்த வளைவிலே, "எங்க சேர் போறீங்க?" என்று அவர் கேட்பார். இம்முறை "சும்மா" என்று சொல்லவேண்டியதில்லை.